இவன் எதற்கு?

பதிப்பகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கத்திரி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அந்த அலுவலகம் மொத்தமே மூன்று அறை. முதுகுக்குப் பின்னால் சொல்வதெல்லாம் நேராகக் காதில்தான் வந்து விழும். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். எண்ணூறு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முந்நூறு பக்கத்தோடு திரும்பிப் போவார்கள். போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். புத்தகம் வந்து நாலு பேர் நல்லபடியாகச் சொல்லிவிட்டால் இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதே கூத்து.

அவள் ஆயுதம் ஒரு சிவப்புப் பேனா. படித்துக்கொண்டே போகும்போது ஓரத்தில் கேள்வி எழுதுவாள். "இது முன்பே சொல்லியாயிற்று." "இங்கே மழை பெய்துதான் ஆக வேண்டுமா?" "இந்த மாமாவுக்கு வேலை வெட்டி இல்லையா?" கதையை நகர்த்தாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும் ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அவன் பக்கத்தில் இரண்டே சொல் எழுதுவாள்: "இவன் எதற்கு?" எழுதியவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஆள் காலி.

இது ஊரார் எழுத்தில். சொந்த எழுத்து என்று அவளுக்கும் ஒன்று இருந்தது. ஒரு நாவல். அப்பா வீட்டை விட்டுப் போன பிறகு, அம்மா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் காலம் தள்ளிய கதை. அம்மா செத்த வருஷம் ஆரம்பித்தாள். இப்போது பதினோரு வருஷம் ஆகிறது. வார நாட்களில் அடுத்தவர் வாக்கியங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் தன் வாக்கியத்தைப் பார்க்கவே பிடிக்காது. ஆகவே சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை, உலகமே இடிந்து விழுந்தாலும் எழுத்துதான் என்று தனக்குத் தானே சத்தியம்.

உலகம் இடிந்து விழவில்லை. அதற்குப் பதில் காஸ் சிலிண்டர் வந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று மாடிவீட்டுக்காரி கதவைத் தட்டினாள். குடும்பக் குழுவில் பதினேழு பேர் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள், பதில் போடாவிட்டால் பதினெட்டாவதாக ஒருத்தர் போன் செய்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இதையெல்லாம் கூடத் தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது படிப்பு. கை ஓடுவதற்காகச் சும்மா பத்துப் பக்கம் என்று யாருடைய நாவலையாவது எடுப்பாள். நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்றரை. ஊர் சுற்றினால் யாராவது திட்டுவார்கள், தூங்கினால் மனசாட்சி திட்டும். புத்தகம் படிக்கிறவளை எவன் திட்டப்போகிறான்? அவளே தன்னைத் திட்டிக்கொள்ள முடியாத ஒரே குற்றம் அது.

அபூர்வமாகச் சில சனிக்கிழமைகளில் எந்தத் தொல்லையும் வராது. அப்போதும் அவள் எழுதவில்லை. போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்குப் பதில் முதல் பக்கத்திலிருந்து படிப்பாள். படித்தால் பேனா சும்மா இருக்குமா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இப்படியே முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமாக இருந்த நாவல் இருநூறாகி, நூற்றெழுபதாகி, நூற்று நாற்பதில் வந்து நின்றது. எழுத எழுத வளரும் நாவலைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இவளுடையது வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. அவளோ வேலை நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

வெட்டியதைப் பத்திரப்படுத்தும் வழக்கமும் அவளுக்குக் கிடையாது. ஒருமுறை பதிப்பகத்தில் பழைய பிரதி தவறுதலாக அச்சுக்குப் போய், ஆயிரம் படிகளைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அன்று பதிப்பாளர் ஒரு சட்டம் போட்டார்: ஒரு புத்தகத்துக்கு ஒரே கோப்பு, பழையதை அழித்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தை அலுவலகத்தில் மற்றவர்கள் ஒரு மாதம் கடைப்பிடித்தார்கள். அவள் வீட்டிலும் கடைப்பிடித்தாள்.

இந்த நாவலுக்கு உலகத்தில் காத்திருந்தது ஒரே ஒரு வாசகன், அவள் தம்பி. அவளைவிட ஐந்து வயது சின்னவன். லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் ஏதாவது கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பான். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர எதையும் படித்தவனில்லை. அக்கா வேலை செய்து வெளிவந்த புத்தகங்களை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தான், ஒன்றையும் பிரித்தது கிடையாது. ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தவறாமல் ஒன்று கேட்பான்.

"என்னக்கா, உன் கதையில நான் வர்றேனா?"

"வர்றடா."

"ஹீரோவா?"

"ஹீரோவுக்குத் தம்பி."

"அது போதும்" என்பான்.

ஆரம்பத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. நான்காம் அத்தியாயம் முழுக்க அவன்தான். பத்தொன்பது பக்கம். அப்பா போன புதிதில் யார் வந்து அவரைக் கேட்டாலும் ஆறு வயதுத் தம்பி வாசலில் நின்று "அப்பா குளிக்கிறாரு" என்று சொல்லி அனுப்பிவிடுவான். அப்பாவின் சிநேகிதர் வந்தால் குளிக்கிறார், வீட்டுக்காரர் வந்தால் குளிக்கிறார், பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தாலும் குளிக்கிறார். மூன்று மாதம் குளித்தார். அந்தத் தெருவிலேயே எங்கள் அப்பாவைப் போல் சுத்தமான மனிதர் கிடையாது என்று எழுதியிருந்தாள். எதிர்வீட்டு டீச்சர் பையனின் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்து ஆளுக்கொரு பிஸ்கட் கணக்கில் கொடுப்பாள்; பையன் பொய்க்கு ஒன்றாகப் பிஸ்கட் சம்பாதித்தான். படித்தால் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் என்னவோ செய்யும். அவளுக்கே பிடித்த அத்தியாயம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அதைப் படித்தபோது, அம்மாவின் கதை இங்கே வந்து நின்றுவிடுகிறதே என்று தோன்றியது. அச்செடுத்து வைத்திருந்த தாளின் ஓரத்தில் கை தானாக எழுதியது: "இவன் எதற்கு?" கொஞ்ச நேரம் யோசித்தாள். பதில் வரவில்லை. பத்தொன்பது பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு. கணினியிலும் எடுத்துவிட்டாள். சொந்தத் தம்பி என்று பார்க்காமல் வெட்டினேன் என்று மறுநாள் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டாள். "அதுதாங்க எடிட்டர்" என்று பதிப்பாளர் மெச்சினார். அந்த மெச்சலில் நாலு நாள் மிதந்தாள். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தம்பியிடம் சொல்லவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் "வர்றடா" என்றே சொல்லிவந்தாள். முடிக்கும்போது எங்காவது சேர்த்துக்கொள்ளலாம், அவன் எங்கே படிக்கப்போகிறான் என்று ஒரு சமாதானம்.

இந்த வருஷம் தம்பிக்கு நுரையீரலில் வந்துவிட்டது. முதலில் இருமல் என்றார்கள், பிறகு சளி என்றார்கள், கடைசியில் பெயர் சொல்லாமல் தலையை ஆட்டினார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. அப்புறம் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப்போய் அவர் ஆசைப்படுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும்.

என்ன ஆசை என்று அவனிடமே கேட்டாள். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. முதுகுக்கு மூன்று தலையணை.

"ஆசை என்னக்கா, அந்தக் கதைய ஒரு தடவ கேட்டுட்டா தேவல. படிக்கத் தெம்பு இல்ல. நீயே படிச்சுக் காட்டு. நான் வர்ற இடம் மட்டும் போதும்."

அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "நாளைக்குக் கொண்டுவர்றேன்டா" என்றாள்.

நாளை வந்தது, அவள் கொண்டுவரவில்லை. பழைய பென் டிரைவ், பழைய மடிக்கணினி, மின்னஞ்சல், பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் குடைந்தாள். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு, ஒரு வரிகூட மிச்சமில்லை. சரி, திரும்ப எழுதிவிடலாம், நான் எழுதியதுதானே என்று உட்கார்ந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அலுவலகத்தில் சர்வேயர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எண்பது வயது, ஆயிரத்து நூற்று நாற்பது பக்கத்துக்குத் தன் வாழ்க்கையை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிறந்தநாளன்று வெளியீடு என்று தேதி குறித்தாகிவிட்டது. அவள் வெட்டி நானூறுக்குக் கொண்டுவந்திருந்தாள். மனிதர் சும்மா விடவில்லை, தினமும் காலையில் போன்.

"அம்மா, எழுபத்தி ஆறாம் பக்கத்துல என் சைக்கிளக் காணோம்மா."

"அது கதைக்குத் தேவைப்படல சார்."

"கதைக்குத் தேவைப்படலன்னா? பதினெட்டு வருஷம் அதுலதான் போனேன். நடந்தா போனேன்?"

காலையில் சர்வேயரின் சைக்கிள், பகலில் பிழைதிருத்தம், மூன்று மணிக்கு மேல் அரைநாள் விடுப்பில் தம்பி வீடு. நடுவில் கிடைத்த நேரத்தில் நான்காம் அத்தியாயம். எழுதியது எல்லாம் சுத்தமாக, வழவழவென்று வந்தது. பிழை இல்லை. உயிரும் இல்லை. எப்படியோ ஏழு பக்கம் தேற்றிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி பால் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். அக்கா படித்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடித்ததும் "நல்லாருக்குக்கா" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இது புதுசா எழுதுனதா?" என்று கேட்டான்.

"ஏன்டா?"

"பழசுல பிஸ்கட் இருந்துச்சே."

அவள் ஏழு பக்கத்தையும் திரும்பப் புரட்டினாள். தம்பி தன் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் எழுந்துபோய் அலமாரியில் அந்தப் பிரிக்காத புத்தகங்களுக்கு அடியிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்துவந்தாள்.

பதிப்பகத்தில் ஒரு பக்கம் அச்சான வேண்டாத தாள்கள் மலைபோல் சேரும். பின்பக்கம் வெள்ளை. பிள்ளைகள் உள்ளவர்கள் கணக்குப் போட வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அவளும் தம்பி மகளுக்காக மாதம் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு கட்டில், அவள் வீட்டு மேஜையிலிருந்து அள்ளிய தாளும் சேர்ந்து வந்துவிட்டது. பின்பக்கம் முழுக்க முக்கோணங்கள், கோணங்களின் கூட்டல். முன்பக்கம் பத்தொன்பது பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. முதல் பக்கத்து ஓரத்தில் அவள் கையெழுத்தில் அந்த இரண்டு சொல்.

"மூணு வருஷமா வெச்சிருக்கியா?"

"ம்."

"தெரிஞ்சுகிட்டே ஏன்டா கேட்டுட்டு இருந்த, வர்றேனா வர்றேனான்னு?"

"திரும்பச் சேத்திருப்பியோன்னுதான்."

அவள் தாளின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். அவன்தான் மேலே பேசினான்.

"கோவம்லாம் இல்லக்கா. கேள்வி நல்ல கேள்விதான். லிஃப்ட்டுக்கு மேல தனியா உக்காந்திருக்கும்போது நானும் யோசிச்சுப் பாத்திருக்கேன். இவன் எதுக்குன்னு. எனக்கும் பதில் கிடைக்கல."

அவள் உடைந்து அழுதாள். ஐம்பத்தொரு வயதில், தம்பி மனைவிக்கு முன்னால், மூக்கு ஒழுக அழுதாள். மன்னிச்சிடு என்ற சொல்லை எத்தனையோ பிரதிகளில் மிகை என்று அடித்தவள் அதையே பத்துத் தடவை சொன்னாள்.

"அழாதக்கா. நீ அழுதா எனக்குல்ல மூச்சு வாங்குது" என்றான் அவன். பிறகு, "ஆனா ஒண்ணு. நீ வெட்டுனது சரிதான். அதுல வர்றவன் நான் இல்ல" என்றான்.

"என்னடா சொல்ற?"

"பையன் சாமர்த்தியமா பொய் சொன்னான்னு எழுதிருக்க. அது பொய்யின்னு எனக்குத் தெரியாதுக்கா. நீதான் சொன்ன, அப்பா குளிக்கிறாருன்னு."

அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அன்றைக்குக் காலையில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அப்பா எங்கே என்று இவன் அழுதிருக்கிறான். பதினோரு வயது அக்கா இவன் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், நாலு வீட்டுக்கும் பொதுவாக இருந்த குளியலறையைக் காட்டி, அப்பா குளிக்கிறாரு, வந்துடுவாரு, தொந்தரவு பண்ணாதே என்றிருக்கிறாள். உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள், வெளிக்குழாயில்தான் குளிப்பாட்டுவார்கள். ஆகவே அவன் உள்ளே பார்த்ததே கிடையாது.

"துண்ட எடுத்துட்டு வந்து நின்னேன்க்கா. கதவு திறந்து யார் யாரோ வெளிய வந்தாங்க. அப்பா வரல. சரி, அடுத்த ஆளா வருவாருன்னு நின்னேன். மறுநாளும் நின்னேன். எவ்வளவு நாள்னு தெரியல. டீச்சர் குடுத்த பிஸ்கட்ட எங்க தின்னேன்? பாதி அப்பாவுக்குன்னு டவுசர் பாக்கெட்ல வெச்சிருந்தேன். எறும்பு வந்துச்சு. நீ அடிச்ச."

அடித்தது மட்டும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏன் அடித்தோம் என்பது இத்தனை வருஷமாகத் தெரியாமலிருந்தது.

"அப்புறம் எப்படா தெரிஞ்சுது?"

"ஒரு நாள் கதவு திறந்து கெடந்துச்சு. உள்ள போயிட்டேன். அன்னைக்கு நீயும் இருந்தக்கா. ஞாபகம் இல்ல?"

"இல்லடா."

"அப்போ நான்தான் சொல்லணும். அது பெரிசு. மூச்சு நல்லா இருக்கிற நாள்ல சொல்றேன். ஆனா தெரிஞ்ச பிறகும் வாசல்ல நின்னு அதையேதான் சொன்னேன். நான் மாத்திச் சொன்னா நீ பொய் சொன்னவ ஆயிடுவியே."

அன்று அவள் அந்த ஏழு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் கால் மணி. மூன்று மாதம் வாசலில் நின்றது, டீச்சர் சிரித்தபோது ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் கூடச் சிரித்தது, அம்மாவைக் கேட்டால் அம்மா அழுவாள் என்று கேட்காமல் விட்டது. அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே. சொன்னதைத் திரும்பச் சொன்னான், அதையும் எழுதினாள். நடுவில் லிஃப்ட்டைப் பற்றி ஏதோ சொன்னான், அதையும் எழுதினாள். ஒரு வரியை அடிக்கவில்லை. சிவப்புப் பேனாவைக் கைப்பையிலிருந்தே எடுத்து வீட்டில் வைத்துவிட்டாள். அந்த ஆறு நாளில் இருபத்தாறு பக்கம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் நல்லது கெட்டது பார்த்த கண்ணுக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாக எழுதியதில் இதுதான் எழுத்து என்று அவளுக்குத் தெரிந்தது. துக்கத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கதவு திறந்த நாள் மட்டும் பாக்கி. மூச்சு சரியாகட்டும், இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். அவளும் நெருக்கவில்லை.

ஏழாம் நாள் நண்பகலில் பதிப்பாளர் போன் செய்தார். சர்வேயர் புத்தகம் மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும், கடைசிப் பிரதியில் அவள் கையெழுத்துப் போட வேண்டும், கிழவர் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார், ஒருத்தராலும் சமாளிக்க முடியவில்லை. தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவள் வந்தாள். அன்று அவன் முகம் தெளிவாக இருந்தது. தலையணை ஒன்றை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு மூச்சு நல்லாருக்குக்கா. சொல்லட்டுமா?"

"ரெண்டே மணி நேரம்டா. போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஓடியாந்துடறேன்."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. முப்பத்தஞ்சு நாப்பது வருஷமா சொல்லல. ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிடப்போகுது?"

பிழைதிருத்தும் அறையில் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பையில் போட வேண்டும். அதுவும் ஒரு சட்டம். போட்டாள். சர்வேயர் கையில் ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருந்தார், நாற்பத்து மூன்று இடம். சைக்கிள், நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கூடவே அலைந்த உதவியாளர், காட்டில் வழி சொன்ன ஒரு பெண், பெயர் வைக்காத நாய். இவை இல்லாமல் அச்சாக வேண்டாம் என்று கையைக் கூப்பினார்.

பத்து நாள் முன்னால் என்றால் ஐந்து நிமிஷத்தில் அவரைப் பேசி அனுப்பியிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் அன்று அவளால் முடியவில்லை. இத்தனை பேரையும் எதற்கு என்று கேட்டுத்தானே துரத்தினோம் என்று இருந்தது. "உக்காருங்க சார், ஒவ்வொண்ணாப் பாப்போம்" என்றாள். பதிப்பாளர் வாயைப் பிளந்தார். ஒவ்வொருவரையும் எங்கே நிறுத்துவது என்று கிழவரையே கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். பக்க அமைப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான். சைக்கிள் திரும்பி வந்தது. நாய் வந்தது. உதவியாளருக்கு மூன்று பக்கம் கிடைத்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருங்கம்மா" என்றார். வெகுநாளைக்குப் பிறகு நல்ல காரியம் செய்த நிறைவோடு அவள் கையெழுத்துப் போட்டாள். அறையை விட்டு வெளியே வந்து பையைத் திறந்தபோது மணி ஐந்தரை. தம்பி மனைவியிடமிருந்து பதினான்கு அழைப்பு.

அவன் நாலேகாலுக்குப் போய்விட்டிருந்தான்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு பிற்பகலில் தம்பி மனைவியும் அவளும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளியாகிவிட்டது. நோட்டு கத்திரியின் மடியில் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தம்பி மனைவி வெகுநேரமாகத் தவிப்பது தெரிந்தது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அன்னைக்கு மூணு மணிக்கே உங்களக் கேட்டாரு. வந்துடுவாங்கன்னேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம், சரி, நீயாவது கேட்டு வெச்சுக்கோன்னாரு."

கத்திரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரம்பிச்சுட்டாரு அண்ணி. கதவு திறந்து கெடந்துச்சு, உள்ள போனேன், அன்னைக்கு அக்கா என்ன பண்ணா தெரியுமான்னாரு. சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு. நாந்தான், என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, எனக்கு எழுத வருமா, அண்ணி வரட்டும், மூச்ச வீணாக்காதீங்கன்னுட்டேன். சரி, அவளே வரட்டும்னு படுத்துகிட்டாரு." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "கேட்டு வெச்சிருக்கணும், இல்ல?"

"உன்மேல தப்பு இல்லம்மா."

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நீங்களாவது முடிச்சு எழுதிடுங்க. நீங்க அங்கதானே இருந்தீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்திரியின் முகத்தைப் பார்த்தாள். "என்ன பண்ணீங்க அண்ணி அன்னைக்கு?"

கத்திரி வாயைத் திறந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா இல்லை, துண்டோடு நின்றவன் இல்லை. கேட்பதற்கு இனி ஒருவரும் இல்லை.

"தெரியலம்மா" என்றாள். "அவனுக்குத்தான் தெரியும்."